மருந்து ஏன் தோற்கிறது?

வெள்ளாற்றுப் பாலத்தின் வழியாகப் புவனகிரியிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்களில், காலை வேளையில் சில பெண்களைப் பார்க்கலாம். கையில் துணிப்பை. பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு. துணைக்கு ஒரு மகளோ மருமகளோ. அண்ணாமலைநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இவர்கள்.

இவர்களில் மார்புக் கட்டிக்காகப் போகிறவர்களும் உண்டு. சிலருக்கு ஆபரேஷன் முடிந்திருக்கும். ஊசி போட்டு முடிந்திருக்கும். சில ஆண்டு நன்றாக இருந்த பிறகு, "திரும்பி வந்துவிட்டது" என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

அந்த வீடுகளில் ஒரு கேள்வி எழும்.

"பக்கத்துத் தெருவிலும் இதே நோய்தான். அந்த அம்மாள் நன்றாக நடமாடுகிறார். நம் வீட்டில் மட்டும் மருந்து ஏன் பலிக்கவில்லை?"

தலைவிதி என்பார் ஒருவர். டாக்டருக்குக் கைராசி இல்லை என்பார் இன்னொருவர். பத்தியம் காக்கவில்லை என்று நோயாளியின் மேலேயே பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். படுத்துக் கிடக்கிற பெண்ணுக்கு இதைவிடக் கொடுமை வேண்டியதில்லை.

மூன்று பேர் சொல்வதும் தவறு. பக்கத்துத் தெரு அம்மாளுக்கு வந்தது அதே நோய் என்று யார் சொன்னது?

ஒரே பெயர், பல நோய்

"காய்ச்சல்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். மலேரியாவும் காய்ச்சல்தான். டைபாய்டும் காய்ச்சல்தான். மலேரியா மருந்தை டைபாய்டுக்குக் கொடுத்தால் பலிக்குமா?

மார்புப் புற்றுநோயும் அப்படித்தான். பெயர் ஒன்று, உள்ளே வகைகள் பல. எந்த வகை என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பது, விலாசம் எழுதாமல் தபாலில் கடிதம் போடுவதற்குச் சமம்.

இது சின்ன விஷயம் அல்ல. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகச் சர்வதேசக் கணக்கு சொல்கிறது. அதே ஆண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர்.

வகையைப் பிரிப்பது எப்படி? கட்டியின் பருமனை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. கட்டியில் இருக்கும் உயிரணு யாருடைய சேதியைக் கேட்டு வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

சேதி சொல்லும் புரதங்கள்

உயிரணு என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன வீடு. கோடானு கோடி உயிரணுக்கள் சேர்ந்ததுதான் மனித உடம்பு.

அரிவாள்மணையில் விரல் பட்டுவிடுகிறது. சில நாளில் காயம் ஆறிவிடுகிறது. புதுத் தோல் வளர்ந்து, காயத்தை மூடியதும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு நூல் கூட வளர்வதில்லை. "வளர்" என்றும் "போதும், நில்" என்றும் அந்த உயிரணுக்களுக்கு யார் சொன்னது?

புரதங்கள்தான் சொல்கின்றன.

புரதம் என்றால் பருப்பும் முட்டையும் ஞாபகம் வரும். உடம்புக்குள்ளேயும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. சில, தசையாக இருந்து பாரம் தூக்குகின்றன. சில, சேதி கொண்டுபோகும் வேலையைச் செய்கின்றன.

முன்காலத்தில் தாலுகா ஆபீஸ் உத்தரவு கிராமத்துக்கு எப்படி வந்தது? தாசில்தார் மணியக்காரருக்குச் சொல்லி அனுப்புவார். மணியக்காரர் தலையாரியிடம் சொல்வார். தண்டோரா போட்டதும் ஊரே அறிந்துகொள்ளும். உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். வெளியே இருந்து ஒரு சேதி வருகிறது. வாசலில் நிற்கிற புரதம் ஒன்று அதை வாங்கிக்கொள்கிறது. பாடப் புத்தகங்களில் இதற்கு "ஏற்பி" என்று பெயர். ஏற்பி உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்தைத் தட்டிவிடும். அது அடுத்ததைத் தட்டும். இப்படிக் கைமாறிக் கைமாறி, உயிரணுவின் நடுவே இருக்கும் கருவுக்குச் சேதி போய்ச் சேருகிறது. அங்கே "இரண்டாகப் பிரி" என்று உத்தரவு பிறக்கிறது.

இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி கெட்டுப்போனால்? தாசில்தார் உத்தரவே இல்லாமல் தலையாரி ராப்பகலாகத் தண்டோரா போடுகிற கதைதான்! உயிரணு பிரிந்துகொண்டே இருக்கிறது. "நில்" என்பது அதன் காதில் விழுவதில்லை. புற்றுநோய் என்பது இதுதான்.

மாடு காட்டிய வழி

இந்த விஷயத்தில் முதல் வெளிச்சம் கிடைத்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, மாட்டுத் தொழுவத்தில்!

ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் ஜார்ஜ் பீட்சன், தாய்ப்பால் சுரப்பதைப் பற்றி ஆராய்ந்தவர். கறவை மாட்டின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் நெடுநாள் வற்றாமல் இருக்கும் என்ற வழக்கம் சில நாடுகளில் இருந்ததை அவர் அறிந்தார். அடிவயிற்றில் இருக்கிற சினைப்பைக்கும் மார்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று யோசித்தார். மார்புப் புற்று முற்றிய பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார். கட்டி சுருங்கியது! 1896-ம் ஆண்டில் இதை அவர் உலகுக்குச் சொன்னார்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இது பலிக்கவில்லை. சிலருக்குச் சுருங்கியது, பலருக்குச் சுருங்கவே இல்லை. ஏன் என்று ஏறத்தாழ 60 ஆண்டுக் காலம் யாருக்கும் விளங்கவில்லை.

1950-களின் இறுதியில் சிகாகோ நகரத்தில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி விடையைப் பிடித்தார். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு நீர் உண்டாகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி சில உயிரணுக்களில் மட்டும் இருக்கிறது. இந்த ஏற்பி வாசலில் நிற்பதில்லை, வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஏற்பி உள்ள கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் சாப்பாடு மாதிரி. சாப்பாட்டை நிறுத்தினால் அது வாடும். ஏற்பி இல்லாத கட்டிக்கு அதனால் ஒன்றும் இல்லை.

பிறகு ஆபரேஷனுக்குப் பதிலாக மாத்திரையே வந்துவிட்டது. அதன் பெயர் டாமாக்சிபென். இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி 1962-ல் தயாரித்தது. அப்போது அது கர்ப்பத்தடைக்காகத் தேடிய மருந்து! அந்த வேலைக்கு அது உதவவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, சேதியைத் தடுத்துவிடுகிறது என்று தெரிந்தது. 1970-களில் மார்புப் புற்று மருந்தாக அது புழக்கத்துக்கு வந்தது. தகுந்த வகைக் கட்டி உள்ளவர்கள் 5 ஆண்டு ஒழுங்காகச் சாப்பிட்டால், அடுத்த 15 ஆண்டில் இந்த நோயால் சாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல்லாயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்ன கணக்கு இது. கோட்டை மாதிரி ஆஸ்பத்திரி வேண்டாம். ஒரு சின்ன மாத்திரை!

பம்பாய் விஞ்ஞானி பிடித்த புரதம்

இரண்டாவது சேதியின் கதையில் ஓர் இந்தியர் வருகிறார்.

பம்பாயிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனவர் லட்சுமி சரண் பாதி. அங்கே ராபர்ட் வீன்பர்க் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் கூடத்தில் வேலை பார்த்தார். எலியின் நரம்புக் கட்டியிலிருந்து வந்த ஒரு விசித்திரப் புரதத்தை 1982-ல் அவர்கள் அடையாளம் கண்டார்கள். உயிரணுவின் மேல்தோலிலேயே நிற்கிற புரதம் அது. வெளியிலிருந்து மருந்து போய்த் தொடக்கூடிய இடம்! ஆனால் அதை மருந்துக்கான இலக்காக அன்று யாரும் தொடர்ந்து தேடிப் போகவில்லை.

அதே புரதத்தின் மனித வடிவம்தான் ஹெர்-2. "வளர்" என்ற சேதியை வாங்குகிற ஏற்பி. சாதாரண உயிரணுவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சில மார்புக் கட்டிகளில் அது ஓர் உயிரணுவுக்கு 20 லட்சம் வரை முளைத்துவிடுகிறது. ஒரு வாசலில் ஒரு மணி இருக்க வேண்டிய இடத்தில், சுவர் முழுக்க மணி கட்டி, எல்லாம் ஒரே சமயத்தில் அடித்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இந்த வகைக் கட்டி வேகமாக வளரும். திரும்பி வரும் என்று டென்னிஸ் ஸ்லாமன் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் குழுவினரும் 1987-ல் காட்டினார்கள். அந்த மணியைப் பொத்தி அடைக்கிற மருந்து டிராஸ்டுசுமாப். 1998-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதுவரை டாக்டர்கள் மிகவும் பயந்த வகை அது. இன்று நம்பிக்கையோடு சிகிச்சை செய்கிற வகையாக மாறியிருக்கிறது. மார்புப் புற்று வரும் 100 பெண்களில் ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்கு இந்த வகை.

விலைதான் தலையைச் சுற்ற வைத்தது. பெங்களூர் பயோகான் கம்பெனி இதே மாதிரி மருந்தைத் தயாரித்து 2014-ல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்து இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று கண்டுபிடிக்கப் பரிசோதனையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கோபாலனின் மகள்

மூன்றாவது சேதி புரோஜெஸ்டிரோன். இதன் ஏற்பியைப் பற்றி ஆராய்ந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண் முக்கியமானவர். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கோபாலனின் மகள் சியாமளா. 1958-ல், 19 வயதில், தன்னந்தனியாக அமெரிக்கா போய் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1964-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த ஏற்பிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரு வடிவம் அளவுக்கு மீறினால் மார்புச் சுரப்பி தாறுமாறாக வளர்கிறது என்று, எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் அவரும் கூட்டாளிகளும் 1998-ல் காட்டினார்கள். ஒரு ஏற்பி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதாது. எந்த வடிவம் எவ்வளவு என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்தது. 2009-ல் அவர் காலமானார். அவரைக் கொண்டுபோனதும் ஒரு புற்றுநோய்தான். 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த கமலா ஹாரிஸ் இவருடைய மகள். மகளைப் பற்றி டீக்கடை வரை பேசிய தமிழ்நாடு, தாயின் ஆராய்ச்சியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

ஒரு மதகை அடைத்தால்...

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். சரியான மருந்தையே கொடுத்தும் சிலருக்கு நோய் ஏன் திரும்புகிறது?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுத் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு மதகை அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும்? சும்மா நிற்குமா? பக்கத்து வாய்க்காலில் பாயும். அதையும் அடைத்தால் கரையில் நண்டு வளை வழியாகக் கசியும்.

உயிரணுவுக்குள்ளும் பல வாய்க்கால்கள். ஹெர்-2 என்ற மதகை மருந்து அடைக்கிறது. அதன் கூட்டாளியான ஹெர்-3 வழியாகச் சேதி பாய்கிறது. அல்லது வாசலையே விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற பி.ஐ.3.கே. என்ற புரதம் தானாகவே விழித்துக்கொள்கிறது. தாசில்தார் வாயைக் கட்டிப் பயன் என்ன, தலையாரி தன் இஷ்டத்துக்குத் தண்டோரா போட்டால்?

இன்னொரு வழி இன்னும் விசித்திரம். மருந்து வந்து ஒட்டிக்கொள்ள வேண்டியது ஹெர்-2 புரதத்தின் வெளித்தலையில். சில உயிரணுக்களில் அந்தத் தலையே இல்லாமல் போய்விடுகிறது. வாசலில் மணியைக் காணோம். ஆனால் உள்ளே மின்சாரக் கம்பி ஒட்டிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மருந்து வந்து தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

ஈஸ்ட்ரோஜன் வகையிலும் இதே தொல்லை. உடம்பில் ஈஸ்ட்ரோஜனே சுரக்காதபடி தடுக்கும் மாத்திரைகளும் இன்று உண்டு. முற்றிய நோயில் அவற்றை நெடுநாள் சாப்பிட்டவர்கள் சிலருக்கு, ஏற்பியே மாறிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் வராமலே "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று பொய்ச் சேதி அனுப்புகிறது.

புற்றணுவைக் கொல்லும் பொதுவான ஊசி மருந்துகளுக்கும் எதிரி உண்டு. பரங்கிப்பேட்டை மீனவர், படகுக்குள் தண்ணீர் ஏறினால் இறைத்து இறைத்து வெளியே கொட்டுவார் அல்லவா? அதே மாதிரி, உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது. கனடா நாட்டில் ஜூலியானோ, லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1976-ல் அதைப் பற்றி எழுதினார்கள்.

இதையெல்லாம் உயிரணு யோசித்துத் தந்திரமாகச் செய்வதாக நினைக்க வேண்டாம். வயலில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது களை கருகிவிடுகிறது. கருகாமல் நின்ற ஒன்று விதை போடுகிறது. அடுத்த போகத்தில் வயல் முழுக்க அந்த ஒன்றின் பிள்ளைகள்! பழைய மருந்தை அடித்தால் அவை அசைவதில்லை. கட்டிக்குள் நடப்பது இதேதான். நோயாளி செய்த பாவம் இதில் எங்கே வந்தது?

அதனால் டாக்டர்கள் இப்போது இரண்டு மதகைச் சேர்த்தே அடைக்கிறார்கள். பி.ஐ.3.கே. கெட்டுப்போன ஈஸ்ட்ரோஜன் வகைக் கட்டிக்கு 2019-ல் ஒரு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொய்ச் சேதி அனுப்பும் ஏற்பிக்கு 2023-ல் ஒன்று வந்தது. டிராஸ்டுசுமாப் மருந்தின் முதுகில் விஷத்தை ஏற்றி அனுப்பும் புது மருந்தும் வந்திருக்கிறது. அதற்கு இந்திய அரசு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்துவிட்டது. வரியை எடுத்தும் சாதாரணக் குடும்பம் கைக்காசு போட்டு வாங்கக்கூடிய விலையில் அது இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேப்பிலையில் ஒரு பொருள்

வெளிநாட்டுக் கதையாகவே போகிறதே என்று நினைக்க வேண்டாம். புவனகிரிக்கு மிக அருகிலேயே இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் பேராசிரியர் எஸ். நாகினியும் அவருடைய மாணவர்களும் வேம்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வேப்பிலையில் நிம்போலைடு என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈரல் புற்றணுக்களில், அது இரண்டு சேதிப் பாதைகளை அடைத்து, அணுக்களைச் சாக வைக்கிறது என்று 2012-ல் எழுதினார்கள்.

அதே பொருளை 2019-ல் அமெரிக்காவில் மார்புப் புற்றணுக்களில் சோதித்தார்கள். சியாமளா படித்த அதே பெர்க்லி சர்வகலாசாலையில்தான். உயிரணுவில் பி-21 என்று ஒரு "பிரேக்" புரதம் உண்டு. அதைக் குப்பையில் போடுகிற இன்னொரு புரதம் உண்டு. நிம்போலைடு அந்தக் குப்பைக்காரனின் கையைக் கட்டிவிடுகிறது. பிரேக் தங்கிவிடுகிறது என்று கண்டார்கள்.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இதைப் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு வேப்பங்கொழுந்து அரைக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அணுக்கள் செத்தது, மனித உடம்பில் நோய் தீர்ந்ததாகாது. கண்ணாடித் தட்டில் ஜெயித்துவிட்டு மனித உடம்பில் தோற்ற பொருள்கள் ஏராளம். நிம்போலைடு இன்னும் மருந்தாக வரவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் புற்றைக் கரைக்கும் என்று பணம் பறிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் கழிகிற ஆறு மாதத்தில் கட்டி சும்மா இருப்பதில்லை.

சீட்டில் மூன்று வரி

இனி, செய்ய வேண்டியது என்ன?

கட்டியிலிருந்து ஊசியால் எடுக்கிற சிறு துணுக்கு போதும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். ரிப்போர்ட்டில் "இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2" என்று மூன்று வரி இருக்கும். ஹெர்-2 வரியில் "3 பிளஸ்" என்றால் இருக்கிறது. "2 பிளஸ்" என்றால் சந்தேகம். இன்னொரு பரிசோதனை செய்தாக வேண்டும். மூன்றும் இல்லை என்றால் அது தனி வகை. மேல்நாடுகளைவிட இந்தியாவில் அந்த வகை கூடுதலாகவே காணப்படுகிறது. அதற்கு வேறு வைத்தியம்.

இந்த மூன்று வரி தெரியாமல் எந்தப் பெண்ணுக்கும் நெடுநாள் மருந்தை முடிவு செய்யக் கூடாது. நோய் திரும்பி வந்தால், முடிகிற இடத்தில் மறுபடியும் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கட்டி மாறியிருக்கலாம். முதலில் ஹெர்-2 இருந்த கட்டியில் பிறகு இல்லாமல் போவதும் உண்டு. இல்லாததில் வருவதும் உண்டு. பழைய ரிப்போர்ட்டை வைத்துப் புது நோய்க்கு மருந்து எழுதுவது, போன வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருஷ முகூர்த்தம் வைப்பது போல.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது, 12 படுக்கைகளோடு சின்னக் குடிசைகளில்தான் தொடங்கினார். அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அப்படி இல்லை. அண்ணாமலைநகரில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. இவ்வளவு இருக்கும்போது, துணுக்குப் பரிசோதனைக்காக ஒரு கூலிக்காரப் பெண் ஊர் ஊராக அலையும்படி விடக் கூடாது. முதல் தடவையும் சரி, நோய் திரும்பிய பிறகும் சரி, மாவட்டத்துக்குள்ளேயே அந்தப் பரிசோதனை இலவசமாக முடிய வேண்டும். முடிவை அவருக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்கள் கட்டி ஈஸ்ட்ரோஜன் கேட்டு வளர்கிறது, இந்த மாத்திரையை 5 ஆண்டு விடாமல் சாப்பிடுங்கள்" என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மருந்துக் காலத்தைப் பற்றியும் அரசாங்கம் யோசிக்க இடம் இருக்கிறது. டிராஸ்டுசுமாப் ஊசியை ஓர் ஆண்டு போடுவது வழக்கம். பிரிட்டனில் 4,000-க்கும் அதிகமான பெண்களிடம் செய்த சோதனையில், 6 மாதம் போட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு நன்றாக இருந்ததாக 2019-ல் முடிவு வெளியாயிற்று. இதயத் தொல்லையும் குறைவு. எல்லாருக்கும் இது பொருந்துமா என்பதில் டாக்டர்களிடையே வாதம் உண்டு. ஆனால் ஓர் ஊசி கூடக் கிடைக்காத பெண்ணுக்கு 6 மாத ஊசி பெரிய வரம்.

குடும்பத்தார் பங்கும் இருக்கிறது. மருந்து தோற்றது என்று சொல்கிற இடங்களில் சில சமயம் மருந்தே உள்ளே போயிருக்காது! "உடம்பு தேறிவிட்டது, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிடுகிறார்கள். நடவு வந்துவிட்டது, கல்யாணம் வந்துவிட்டது, பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று ஊசித் தேதியைத் தள்ளிப் போடுகிறார்கள். டாமாக்சிபென் சாப்பிடும்போது உடம்பில் அனல் அடிப்பது போல் இருக்கும். சிலருக்குத் தீட்டு மாறும். அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

கூச்சம் ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது:

"ஆறு மாசமாக் கட்டி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அத்தை?"

"வலிச்சாத்தானேடி சொல்லணும்? அதுதான் வலிக்கவே இல்லையே. இதைப் போய் யார்கிட்ட காட்டுறது?"

வலி இல்லை என்பதுதான் இந்தக் கட்டியின் சூழ்ச்சி. தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அந்த ஆறு மாதத்தில் கட்டியின் அணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. எண்ணிக்கை பெருகப் பெருக, மருந்துக்குச் சாகாத அந்த ஒரு களை அதற்குள் இருப்பதற்கான வாய்ப்பும் பெருகுகிறது. சின்னக் கட்டியாக இருக்கும்போது வருகிறவருக்கு மருந்து அதிகம் பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மருமகள் அத்தையை அடுத்த பஸ்ஸிலேயே அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஆஸ்பத்திரியில் துணுக்கு எடுத்த பிறகு, "மூன்று வரியும் வந்துவிட்டதா டாக்டர்?" என்று கேட்க வேண்டும். அந்தச் சீட்டை, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில், பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனாலும், அவர் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.